நிலக்கரி குவிந்தும் நட்டத்தில் தவிக்கும் குஸ்பாஸ்: ரஷ்யாவின் தொழில் பிராந்தியத்தில் நடப்பது என்ன?

ரஷ்யாவின் மொத்த நிலக்கரி உற்பத்தியில் ஏறத்தாழ பாதியை அளிக்கும் பிராந்தியம் குஸ்பாஸ். தென்மேற்கு சைபீரியாவில் அமைந்துள்ள இந்தப் பகுதி, 1990-களுக்குப் பிறகான மிகக் கடுமையான பொருளாதார நெருக்கடியை இப்போது எதிர்கொண்டுள்ளது. 2021-ஆம் ஆண்டில் சுமார் 243 மில்லியன் டன்னாக இருந்த அதன் நிலக்கரி உற்பத்தி, 2024-இல் 200 மில்லியன் டன்னுக்கும் கீழே சரிந்தது. சுரங்கங்கள் மூடப்படுகின்றன, பிராந்திய அரசின் வருவாய் குறைந்துள்ளது, புதிய முதலீடுகள் தள்ளிப்போடப்படுகின்றன.

பூமிக்கடியில் நிலக்கரி தீர்ந்துவிட்டதால் வந்த நெருக்கடி அல்ல இது. வாங்க ஆளில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆசியாவில் இந்தியாவும் சீனாவும் ஆண்டுதோறும் பெருமளவில் நிலக்கரியை இறக்குமதி செய்கின்றன. அவ்வாறிருந்தும் குஸ்பாஸ் நட்டத்தில் தவிப்பது ஏன்? இந்திய உருக்காலைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குஸ்பாஸ் எங்கே உள்ளது?

'குஸ்நெட்ஸ்க் நிலக்கரிப் படுகை' என்பதன் ரஷ்யச் சுருக்கமே குஸ்பாஸ். நிர்வாக ரீதியாக இது கெமரோவோ பிராந்தியம். 2019-ஆம் ஆண்டு முதல் 'குஸ்பாஸ்' என்ற பெயரும் அதன் அதிகாரப்பூர்வப் பெயருடன் சேர்க்கப்பட்டது. பரப்பளவில் ஏறத்தாழ நமது பிகார் மாநிலத்துக்கு இணையானது. ஆனால் மக்கள்தொகையோ சுமார் 25 லட்சம் மட்டுமே. தலைநகர் கெமரோவோ, தெற்கே உள்ள உருக்கு நகரமான நோவோகுஸ்நெட்ஸ்க் ஆகிய இரண்டும் தலா 5 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வசிக்கும் பெருநகரங்கள்.

டோம் ஆற்றங்கரையில் 1721-இல் மிகைலோ வோல்கோவ் என்பவர் நிலக்கரியைக் கண்டறிந்ததாக வரலாறு கூறுகிறது. எனினும், குஸ்பாஸ் பெரும் தொழில் மையமாக வளர்ந்தது சோவியத் ஆட்சியின் முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில்தான். ஊரல் மலைப் பகுதியின் மக்னிடோகோர்ஸ்க் இரும்புத் தாதுவையும் குஸ்பாஸ் நிலக்கரியையும் இணைக்கும் மாபெரும் திட்டம் அப்போது வகுக்கப்பட்டது. நிலக்கரியை ஏற்றிக்கொண்டு மேற்கே செல்லும் ரயில்கள், திரும்பி வரும்போது இரும்புத் தாதுவை ஏற்றி வரும். இடையில் இருந்த தொலைவு 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். ரயில் கட்டணம் என்பது அரசின் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் செல்லும் தொகையாக மட்டுமே இருந்ததால், அந்தத் தொலைவு அன்று பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் உக்ரைனின் டான்பாஸ் நிலக்கரிப் படுகை ஜெர்மனி வசம் சென்றபோது, சோவியத் ராணுவத் தொழிற்சாலைகள் குஸ்பாஸையே பெரிதும் நம்பியிருந்தன. போரின் நடுவே 1943 ஜனவரியில் கெமரோவோ தனிப் பிராந்தியமாக உருவாக்கப்பட்டது.

நிலக்கரியைத் தவிர வேறு தொழில்கள் இல்லையா?

உள்ளன. நோவோகுஸ்நெட்ஸ்கில் எவ்ராஸ் நிறுவனத்தின் உருக்காலை இயங்குகிறது. இந்திய ரயில்வேக்குப் பிலாய் ஆலை எப்படியோ, ரஷ்ய ரயில்வேக்குத் தண்டவாளம் வழங்குவதில் இந்த ஆலை அப்படி. அதே நகரில் ருசால் நிறுவனத்தின் அலுமினிய ஆலையும், கெமரோவோவில் உரம் மற்றும் வேதிப்பொருள் தயாரிக்கும் 'அசோத்' ஆலையும் உள்ளன. தெற்கே மலைப் பகுதியில் உள்ள ஷெரெகேஷ், ரஷ்யா முழுவதும் அறியப்பட்ட பனிச்சறுக்குச் சுற்றுலாத் தலம்.

ஆயினும், பிராந்தியத்தின் வரி வருவாயும் வேலைவாய்ப்பும் நிலக்கரியையே அச்சாகக் கொண்டு சுழல்கின்றன. ஒரே தொழிலை நம்பி வாழும் நகரங்களை ரஷ்ய அரசு 'ஒற்றைத் தொழில் நகரங்கள்' எனத் தனியாகப் பட்டியலிடுகிறது. நாடெங்கும் 300-க்கும் மேற்பட்ட அத்தகைய நகரங்களில் 24 குஸ்பாஸில் உள்ளன. ரஷ்யாவின் வேறெந்தப் பிராந்தியத்திலும் இத்தனை நகரங்கள் இல்லை. இந்த நகரங்களில் சுரங்கம் நின்றால் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. கடை, பேருந்து, பள்ளி, வீட்டின் மதிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே சரிகின்றன.

தொலைவு ஏன் இவ்வளவு முக்கியம்?

குஸ்பாஸிலிருந்து பால்டிக் கடல் துறைமுகமான உஸ்த்-லூகாவுக்கு ரயில் பாதையில் ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். பசிபிக் கரையில் உள்ள வோஸ்டோச்னி துறைமுகத்துக்கு 5,500 கிலோமீட்டருக்கும் அதிகம். இந்தியாவின் மிக நீண்ட ரயில் பயணமான திப்ருகர் - கன்னியாகுமரி பாதையே சுமார் 4,200 கிலோமீட்டர்தான். அதாவது, குஸ்பாஸ் நிலக்கரி கப்பலைப் பார்ப்பதற்கு முன்பே, இந்தியாவின் மிக நீண்ட ரயில் பாதையையும் விஞ்சிய தொலைவைக் கடந்தாக வேண்டும்.

போட்டியாளர்களின் நிலை வேறு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சுரங்கங்களிலிருந்து துறைமுகம் சில நூறு கிலோமீட்டரில் உள்ளது. இந்தோனேசியாவின் கலிமந்தானில் நிலக்கரி ஆற்றுப் படகுகளிலேயே கடலை அடைந்துவிடுகிறது.

இதனால் குஸ்பாஸ் நிலக்கரியின் விலையில் போக்குவரத்துச் செலவே பெரும் பங்கு வகிக்கிறது. விலை குறைந்த அனல் மின் நிலக்கரியைப் பொருத்தவரை, துறைமுகத்தில் கிடைக்கும் விலையில் பாதிக்கும் மேல் ரயில் கட்டணமும் துறைமுகக் கையாளும் கட்டணமுமே விழுங்கிவிடுகின்றன. சந்தை விலை உயர்ந்திருக்கும்போது இந்தச் சுமை வெளியில் தெரிவதில்லை. விலை சரிந்தால், சுரங்கத்தில் தோண்டும் செலவுக்குக்கூட மிஞ்சுவதில்லை.

2022-க்குப் பிறகு என்ன மாறியது?

உக்ரைன் மீதான ரஷ்யாவின் படையெடுப்பைத் தொடர்ந்து, ரஷ்ய நிலக்கரிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2022 ஆகஸ்ட் 10 அன்று முழுமையாக அமலுக்கு வந்தது. அருகிலிருந்த சந்தை ஒரே ஆண்டில் கைவிட்டுப்போனது. ஆனால் அந்த ஆண்டில் அதன் வலி உணரப்படவில்லை. எரிசக்திப் பற்றாக்குறை அச்சத்தால் ஆசியாவின் அளவுகோலான ஆஸ்திரேலிய நியூகாசில் நிலக்கரி விலை டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியிருந்தது. தள்ளுபடியில் விற்றும் ரஷ்ய நிறுவனங்கள் லாபம் ஈட்டின.

2025-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அதே அளவுகோல் விலை சுமார் 100 டாலருக்கு இறங்கியது. இதற்கிடையே பல சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின:

* ஏற்றுமதி வரி: ரூபிளின் மதிப்புடன் இணைக்கப்பட்ட ஏற்றுமதி வரியை ரஷ்ய அரசு 2023 அக்டோபரில் கொண்டுவந்தது. நிலக்கரிக்கு 2024 தொடக்கத்தில் அது நீக்கப்பட்டு, மார்ச்சில் மீண்டும் விதிக்கப்பட்டு, மே மாதத்தில் மறுபடியும் நிறுத்தப்பட்டது.

* சீனாவின் இறக்குமதி வரி: 2024 ஜனவரி 1 முதல் அனல் மின் நிலக்கரிக்கு 6 சதவீதமும் கோக்கிங் நிலக்கரிக்கு 3 சதவீதமும் இறக்குமதி வரியைச் சீனா மீண்டும் நடைமுறைப்படுத்தியது. தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் இருப்பதால் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் விலக்கு கிடைத்தது, ரஷ்யாவுக்குக் கிடைக்கவில்லை.

* அமெரிக்கத் தடைகள்: 2024 பிப்ரவரியில் ரஷ்யாவின் முன்னணி நிலக்கரி நிறுவனமான சுயெக், உருக்கு மற்றும் நிலக்கரி நிறுவனமான மெச்செல் ஆகியவை அமெரிக்காவின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பணப் பரிமாற்றம், காப்பீடு, கப்பல் ஏற்பாடு ஆகியவற்றின் செலவு கூடியது.

* ரயில் கட்டணம்: 2025 ஜனவரி 1 முதல் ரஷ்ய ரயில்வேயின் சரக்குக் கட்டணம் 13.8 சதவீதம் உயர்த்தப்பட்டது.

* ரூபிளின் மதிப்பு: 2025-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 100 ரூபிளுக்கும் மேல் இருந்த மாற்று விகிதம், ஆண்டின் நடுவில் சுமார் 80 ரூபிளாக வலுவடைந்தது. டாலரில் விற்று ரூபிளில் செலவு செய்யும் ஏற்றுமதியாளருக்கு இது நேரடி இழப்பு.

இவற்றின் கூட்டு விளைவு புள்ளிவிவரத்தில் வெளிப்பட்டது. 2023-இல் சுமார் 375 பில்லியன் ரூபிள் நிகர லாபம் ஈட்டிய ரஷ்ய நிலக்கரித் துறை, 2024-இல் 112 பில்லியன் ரூபிளுக்கும் அதிகமான நிகர நட்டத்தைச் சந்தித்ததாக ரஷ்யப் புள்ளியியல் துறையின் தரவுகள் காட்டுகின்றன.

கிழக்கு நோக்கிய பாதை ஏன் போதவில்லை?

ஐரோப்பிய வாசல் அடைபட்டதும் அனைவரும் கிழக்கே திரும்பினர். ஆனால் பசிபிக் துறைமுகங்களுக்குச் செல்ல இருப்பவை சைபீரியாவைக் கடக்கும் டிரான்ஸ்-சைபீரியன், பைக்கால்-அமூர் ஆகிய இரு ரயில் பாதைகள் மட்டுமே. இவற்றின் கூட்டுத் திறன் 2024-இல் ஆண்டுக்கு 180 மில்லியன் டன் என்ற அளவை எட்டியது. இந்தத் திறனை நிலக்கரி மட்டும் பயன்படுத்துவதில்லை. கொள்கலன்கள், எண்ணெய்ப் பொருள்கள், உலோகம், மரம், உரம் ஆகிய அனைத்தும் இதே பாதையில்தான் செல்ல வேண்டும்.

யாருக்கு எவ்வளவு இடம் என்பதை அரசும் ரயில்வேயும் தீர்மானிக்கின்றன. கிழக்கு நோக்கிய குஸ்பாஸ் நிலக்கரி ஏற்றுமதியை 2021-இல் 53 மில்லியன் டன்னிலிருந்து 2024-க்குள் 68 மில்லியன் டன்னாக உயர்த்த வேண்டும் என்பது அதிபர் விளாதிமிர் புதினின் உத்தரவாக இருந்தது. ஆனால் 2025-ஆம் ஆண்டுக்கு ரயில்வேயுடன் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு சுமார் 54 மில்லியன் டன் மட்டுமே. நிலக்கரியை விட அதிகக் கட்டணம் தரும் சரக்குகளுக்கு முன்னுரிமை அளிப்பது ரயில்வேக்கு லாபம். மலிவான நிலக்கரி காத்திருக்க வேண்டியதுதான்.

எனவே குஸ்பாஸில் ஒரு தொழிலதிபர் தன் சுரங்கத்தில் எவ்வளவு திறமையாகச் செயல்பட்டாலும், அவருடைய லாபத்தைத் தீர்மானிக்கும் இரு முக்கிய எண்கள் மாஸ்கோவில் முடிவாகின்றன. ஒன்று ரயில் கட்டணம். மற்றொன்று ரயிலில் கிடைக்கும் இடம்.

நட்டம் என்றால் சுரங்கத்தை நிறுத்திவிடலாமே?

தொழிற்சாலையைப் பூட்டுவதுபோல நிலத்தடிச் சுரங்கத்தைப் பூட்டிவிட முடியாது. உற்பத்தி நின்றாலும் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மீத்தேன் வாயு சேராதபடி காற்றோட்டம் செலுத்த வேண்டும். இதற்கான செலவை நிறுத்தினால் சுரங்கம் நீரில் மூழ்கும். மீண்டும் திறப்பது புதிய சுரங்கம் தோண்டுவதற்கு ஒப்பான செலவாகிவிடும். ஆகவே பல நிறுவனங்கள் நட்டத்திலும் உற்பத்தியைத் தொடர்கின்றன. அதற்குக் கடன் தேவை. கடனுக்கோ வட்டி மிக அதிகம்.

பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த ரஷ்ய மத்திய வங்கி 2024 அக்டோபரில் முக்கிய வட்டி விகிதத்தை 21 சதவீதமாக உயர்த்தியது. 2025 ஜூன் முதல் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டாலும், அந்த ஆண்டு முழுவதும் 16 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. இத்தகைய வட்டியில் கடன் வாங்கி, விலை சரிந்த பொருளை உற்பத்தி செய்வது, நட்டத்தைப் பெருக்கும் வழியாகவே முடிகிறது. 2025-இல் ரஷ்யாவெங்கும் 20-க்கும் மேற்பட்ட நிலக்கரி நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்தின. அவற்றில் குஸ்பாஸ் நிறுவனங்களும் அடங்கும்.

செலவைக் குறைக்கும் அழுத்தம் இன்னொரு அபாயத்தையும் கொண்டுவருகிறது. 2007-இல் உல்யானோவ்ஸ்கயா சுரங்கத்தில் 110 பேரும், 2010-இல் ராஸ்பட்ஸ்கயா சுரங்கத்தில் 91 பேரும், 2021 நவம்பரில் லிஸ்ட்வியாஷ்னயா சுரங்கத்தில் மீட்புப் பணியாளர்கள் உள்பட 51 பேரும் உயிரிழந்தனர். இவை அனைத்தும் குஸ்பாஸில் நிகழ்ந்தவை. மீத்தேன் கண்காணிப்பும் காற்றோட்டமும் முதலில் வெட்டத்தக்க செலவுகள் அல்ல என்பதை இந்த எண்ணிக்கைகள் உணர்த்துகின்றன.

மக்களின் நிலை என்ன?

குஸ்பாஸ் சுரங்கத் தொழிலாளர்களின் கோபம் ரஷ்ய வரலாற்றில் தனி இடம் பெற்றது. 1989 ஜூலையில் மெஷ்துரெசென்ஸ்க் நகரின் ஒரு சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம், சோவியத் ஒன்றியத்தின் பிற நிலக்கரிப் பகுதிகளுக்கும் பரவி அந்த அரசையே உலுக்கியது. குளிக்கச் சோப்புகூடக் கிடைக்கவில்லை என்பது அன்றைய முறையீடுகளில் ஒன்று. 1998-இல் மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் டிரான்ஸ்-சைபீரியன் தண்டவாளத்தில் அமர்ந்து ரயில்களை மறித்தனர். இந்த நினைவு மாஸ்கோவில் இன்னும் மறக்கப்படவில்லை.

இன்றைய சூழல் அன்றிலிருந்து வேறுபட்டது. போர்க்கால உற்பத்தியாலும் ராணுவ ஆள்சேர்ப்பாலும் ரஷ்யாவில் வேலையின்மை விகிதம் வரலாறு காணாத அளவுக்குக் குறைந்துள்ளது. ஒரு சுரங்கத்தில் வேலை இழந்தவர் வேறு வேலை தேடிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் வேறு நகரில்தான் இருக்கிறது. ஒற்றைத் தொழில் நகரத்தில் சொந்த வீடு வைத்திருப்பவருக்கு, அந்த வீட்டை நல்ல விலைக்கு விற்க வழியில்லை. இளைஞர்கள் நோவோசிபிர்ஸ்க் போன்ற பெருநகரங்களை நோக்கி வெளியேற, பிராந்தியத்தின் மக்கள்தொகை தொடர்ந்து குறைந்து வருகிறது.

சுற்றுச்சூழல் பாதிப்பும் மக்களை வாட்டுகிறது. உற்பத்தியில் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருவதால், வெடிவைப்பும் தூசியும் குடியிருப்புகளை நெருங்கியுள்ளன. 2019-இன் குளிர்காலத்தில் சில நகரங்களில் கருமை படிந்த பனி பெய்த படங்கள் உலகெங்கும் பரவின. அதே ஆண்டில், நிலத்தடி நெருப்பால் அவதியுற்ற கிசெல்யோவ்ஸ்க் நகர மக்கள் சிலர், தங்களுக்கு அடைக்கலம் தருமாறு கனடா பிரதமருக்குக் காணொலி மூலம் வேண்டுகோள் விடுத்தனர். ஜார்க்கண்டின் ஜாரியாவில் பல்லாண்டுகளாக எரியும் நிலக்கரி நெருப்பை அறிந்தோருக்கு இந்த அவலம் புதியதல்ல.

ரஷ்ய அரசு என்ன செய்கிறது?

குஸ்பாஸின் ஆளுநராக இருந்த செர்கெய் சிவிலியோவ் 2024 மே மாதத்தில் ரஷ்யாவின் எரிசக்தி அமைச்சரானார். அவருக்குப் பின் இலியா செரெத்யுக் பிராந்தியப் பொறுப்பை ஏற்றார். தங்கள் குறையை அறிந்தவர் மத்திய அமைச்சரவையில் இருப்பது உதவும் என்று நிலக்கரி நிறுவனங்கள் எதிர்பார்த்தன.

2025 மே இறுதியில் மத்திய அரசு நிவாரணத் திட்டமொன்றை அறிவித்தது. கனிம வரியையும் தொழிலாளர் காப்பீட்டுத் தொகையையும் செலுத்தக் கால அவகாசம், கடன்களை மறுசீரமைக்க வாய்ப்பு, வடமேற்கு மற்றும் தெற்குத் துறைமுகங்களுக்கு நிலக்கரி அனுப்பும் சைபீரிய நிறுவனங்களுக்குப் போக்குவரத்துச் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்தல் ஆகியன அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் நிலையையும் தனித்தனியே ஆராயவும் முடிவு செய்யப்பட்டது.

எனினும் இவற்றுள் பெரும்பாலானவை காலத்தை ஒத்திப்போடும் நடவடிக்கைகளே. ஒத்திவைத்த வரி ஒருநாள் கட்டப்பட வேண்டும். ரயில் கட்டணத்தைக் குறைத்தால் ரயில்வேயின் வருவாய் குறையும். கிழக்குப் பாதையை விரிவாக்க வேண்டிய ரயில்வேயும் இதே உயர் வட்டியில் கடன்பட்டுத் தவிக்கிறது. ஒரு துறைக்குத் தரும் சலுகை இன்னொரு துறையின் முதலீட்டைப் பறிப்பதாகிவிடுகிறது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

இந்திய உருக்காலைகள் தங்கள் கோக்கிங் நிலக்கரித் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி மூலமே நிறைவுசெய்கின்றன. நெடுங்காலமாக ஆஸ்திரேலியாவே முதன்மை விற்பனையாளர். ரஷ்யாவின் கோக்கிங் நிலக்கரியில் சுமார் 70 சதவீதம் குஸ்பாஸில் கிடைக்கிறது. 2021 அக்டோபரில் இந்திய உருக்கு அமைச்சகமும் ரஷ்ய எரிசக்தி அமைச்சகமும் கோக்கிங் நிலக்கரி ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐரோப்பியத் தடைக்குப் பின் தள்ளுபடி விலையும் சேர்ந்துகொள்ள, இந்திய இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு உயர்ந்தது. ஊது உலையில் கோக்கின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் செலுத்தப்படும் பொடி நிலக்கரியில் ரஷ்யா இந்தியாவின் முக்கிய விற்பனையாளராக விளங்குகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பிரதமர் நரேந்திர மோடியின் 2019 விளாதிவஸ்தோக் பயணத்தின்போது முன்வைக்கப்பட்ட சென்னை - விளாதிவஸ்தோக் கடல்வழித் தடத்தின் நீளம் ஏறத்தாழ 10,300 கிலோமீட்டர். மும்பை - செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழித்தடத்துடன் ஒப்பிட்டால் பயண நேரம் 40 நாளிலிருந்து சுமார் 24 நாளாகக் குறையும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தத் தடத்துக்கு உகந்த சரக்குகளாகக் கண்டறியப்பட்டவற்றில் கோக்கிங் நிலக்கரியும் ஒன்று. ஆனால் கடல்வழி எவ்வளவு சுருங்கினாலும், குஸ்பாஸிலிருந்து பசிபிக் கரை வரையிலான நிலவழி சுருங்கப்போவதில்லை.

இந்திய நிறுவனங்களுக்கு இந்த நெருக்கடி இருவகையில் பொருள்படும். விற்றே ஆக வேண்டிய நிலையில் உள்ள ரஷ்ய நிறுவனங்களிடம் விலை பேசும் வலிமை இந்தியாவுக்குக் கூடுகிறது. மறுபுறம், விற்பனையாளர் நட்டத்தில் இயங்கினால், சுரங்கம் மூடப்படுவதாலோ ரயிலில் இடம் கிடைக்காததாலோ தடை விதிக்கப்படுவதாலோ சரக்கு வரத்து திடீரெனத் தடைபடக்கூடும்.

இனி கவனிக்க வேண்டியவை எவை?

நிலக்கரி வகைகளுக்கிடையே குஸ்பாஸின் எதிர்காலம் பிரிகிறது. உருக்குத் தயாரிப்புக்கான கோக்கிங் நிலக்கரிக்கு விலை அதிகம் என்பதால், நீண்ட ரயில் பயணத்தின் செலவை அது ஓரளவு தாங்கும். அனல் மின் நிலையங்களுக்கான மலிவான நிலக்கரியை 5,500 கிலோமீட்டர் கொண்டுசென்று, இந்தோனேசியாவுடன் போட்டியிட்டு லாபம் காண்பது, சந்தை விலை பெரிதும் உயர்ந்தால் மட்டுமே இயலும். அத்தகைய சுரங்கங்களை நம்பிய நகரங்களே முதலில் பாதிக்கப்படும்.

ரயில் கட்டண உயர்வின் அளவு, கிழக்குப் பாதையில் குஸ்பாஸுக்கு ஒதுக்கப்படும் இடம், மத்திய வங்கியின் வட்டி விகிதம், ரூபிளின் மதிப்பு, சீன மற்றும் இந்தியக் கொள்முதல் ஆகிய ஐந்தும் அடுத்த ஓரிரு ஆண்டுகளின் போக்கைத் தீர்மானிக்கும். இவற்றுள் ஒன்றுகூட குஸ்பாஸ் பிராந்திய நிர்வாகத்தின் கையில் இல்லை. சுற்றுலா, வேதிப்பொருள், இயந்திரத் தயாரிப்பு என மாற்றுத் தொழில்களை வளர்க்கும் பொறுப்பு அதன் கையில் உள்ளது. ஆனால் அதற்கு வேண்டிய நிதி, இதுவரை நிலக்கரி வருவாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது.